சாலையின் அந்தப் பக்கம் நின்றவள்

தம்பி,

இதை வாட்ஸ்அப்பில் எழுதலாம்தான். ஆனால் அதில் நான் எவ்வளவு நீளமாக எழுதினாலும் நீ "ஓகே மா" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவாய், அதற்கு மேல் கேட்க எனக்கும் வாய் வராது. அதனால்தான் நோட்டுத் தாளைக் கிழித்து உட்கார்ந்திருக்கிறேன். தைப்பூசத்துக்கு ஒரு வாரம் முன்னால் நீ அனுப்பிய செய்தி இன்னும் என் போனில் மேலேயே இருக்கிறது. "மா, ஏப்ரல் கடைசியில நானும் சியூ லிங்கும் ரெஜிஸ்டர் பண்றோம். சும்மா சொல்றேன்." வா என்றும் இல்லை, வராதே என்றும் இல்லை. நான் "சந்தோஷம்யா" என்று போட்டேன். நீ ஒரு கும்பிடு படம் போட்டாய். பெற்ற பிள்ளைக்கும் தாய்க்கும் நடுவில் ஒரு கல்யாணம் அவ்வளவில் பேசி முடிந்துவிட்டது.

நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்கும்போதெல்லாம் நல்லா இருக்கேன் என்கிறேன். இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அரைக் கப் அரிசி போட்டால் சோறு இரண்டு நாளைக்கு வருகிறது. பாசாரில் மீன்காரப் பெண் நான் கேட்காமலே பாதி மீனை வெட்டி எடுத்து வைக்கிறாள். அவள் நல்ல மனசோடுதான் செய்கிறாள், ஆனால் அந்தப் பாதி மீனைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. வாரத்தில் இரண்டு நாள் பஸ் ஏறி லிட்டில் இந்தியாவுக்குப் போகிறேன். வாங்குவதற்கு ஒன்றும் இல்லை. மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் நடந்தால் கடைக்குக் கடை பாட்டு அலறும், யாராவது ஒருவர் "வாங்கக்கா, புது சாரி வந்திருக்கு, சும்மா பாருங்கலா" என்று கூப்பிடுவார். அந்த "வாங்கக்கா"வைக் கேட்கத்தான் போகிறேன். உன் அப்பா போன பிறகு இந்த வீட்டில் என்னை யாரும் கூப்பிடுவதில்லை. நானாக என் பெயரைச் சொல்லிப் பார்த்துக்கொள்ளவும் முடியாது, பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் கிழவிக்கு மண்டை கழன்றுவிட்டது என்று நினைப்பார்.

இதெல்லாம் உன்னிடம் இரக்கம் வாங்குவதற்காக எழுதவில்லை. நீ ஏன் போனாய் என்று எனக்குத் தெரியும். அதை என் கையால் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், பாதி மீனில் போய் நின்றுவிட்டேன்.

அப்பா இறந்த அன்று நம் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். சாலையில் பாதியை அது அடைத்துக்கொண்டது. சியூ லிங் காலையிலேயே வந்துவிட்டாள். ஆனால் பந்தலுக்குள்கூட வரவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம், மூலைவீட்டு மாமரத்தடியில் நின்றாள். வருகிற கார்களுக்கு எங்கே நிறுத்துவது என்று கை காட்டினாள். தண்ணீர்ப் பாட்டில் பெட்டிகளைத் தூக்கிவந்து பந்தல் ஓரத்தில் வைத்துவிட்டு மறுபடியும் மரத்தடிக்கே போனாள். மத்தியானம் மழை கொட்டியபோதும் குடையோடு அங்கேயே நின்றாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீ என்னிடம் வந்து, "அவங்க பாட்டி செத்து இன்னும் ஒரு மாசம்கூட ஆகலமா. நூறு நாளைக்கு அடுத்தவங்க வீட்டுக்குள்ள போகக்கூடாதாம். வந்தா நமக்குத்தான் கெடுதல்னு நினைக்கிறாங்க" என்றாய். நான் என்ன சொன்னேன்? "இந்த வீட்டுக்கு இனிமே வர்றதுக்கு என்னடா கெடுதல் பாக்கி இருக்கு?" என்றேன். அதை நான் துக்கத்தில் சொன்னேன் என்று வைத்துக்கொள். அதோடு நின்றிருந்தால் நீயும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பாய்.

பதினாறாம் நாள் முடிந்ததும் பெரிய மாமி போன் செய்தார். உன் அப்பாவின் அக்கா. அவர்கள் பக்கத்தில் அத்தையை மாமி என்பதால் நீயும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டாய். "அந்தச் சீனப் பெட்டை ஏன் உள்ள வரேல்ல?" என்று கேட்டார். நான் நீ சொன்ன காரணத்தைச் சொல்லவில்லை. "நம்ம வீட்டுச் சாவு அவளுக்கு அருவருப்பா இருந்துச்சு போல" என்றேன். மாமியிடம் சொன்னால் ஊருக்குச் சொன்ன மாதிரி. கோயிலில் அது எந்த உருவத்தில் சுற்றியதோ, ஒரு மாதத்துக்குள் சியூ லிங்கின் காதுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. நீ வந்து என் முன்னால் நின்று, "நீங்க அப்படிச் சொன்னீங்களா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். "அன்னிக்கு உள்ள வராதவ இனி எப்பவும் வர வேணாம்" என்றும் சேர்த்துச் சொன்னேன். நீ சத்தம் போடவில்லை. "நீங்க தெரிஞ்சேதான் செய்றீங்கமா" என்று மட்டும் சொன்னாய். மெல்பர்ன் வேலை அதற்கு முன்னாலேயே கிடைத்திருந்தும் அதுவரை நீ இழுத்தடித்துக்கொண்டிருந்தாய் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. நீ அங்கே போய் இரண்டு தீபாவளி ஆகிவிட்டது.

நீ சொன்னது சரி. தெரிந்தேதான் செய்தேன். எவ்வளவு தெரிந்து செய்தேன் என்பது உனக்கும் தெரியாது, கேள்.

பாயான் லெப்பாஸ் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் நான், ரோஸ், ஆ சூ மூன்று பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக் கம்பி ஒட்டினோம். ரோஸை உனக்குத் தெரியும், நோன்புப் பெருநாளைக்கு உனக்குப் பலகாரப் புட்டி அனுப்புகிற மலாய்க்காரி. ஆ சூ வேலையை விட்டு மகளோடு ஜோகூர் போய்விட்டாள். மூன்று பேருக்கும் பொதுவான பேச்சு, சந்தையில் பேசுகிற பாசார் மலாய்தான். சாப்பாடு மட்டும் லேசில் பொதுவாகாது. மாடு எனக்கு ஆகாது, குவான் யின் சாமி கும்பிடுவதால் ஆ சூவுக்கும் ஆகாது. பன்றி ரோஸுக்கு ஆகாது. ஆக, எங்கள் மூன்று பேரின் நட்புக்காகவும் இருபத்திரண்டு வருடம் உயிரைக் கொடுத்தது கோழிதான். தீபாவளிக்கு ரோஸ் வருகிறாள் என்றால் நான் கோழியை முஸ்லிம் கடையில் வாங்குவேன், புதுத் தட்டு எடுத்து வைப்பேன். அவள் கேட்டதில்லை. ரமலான் மாதத்தில் நானும் ஆ சூவும் அவள் கண்ணில் படாமல் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவோம். அவளும் அப்படிச் செய்யச் சொன்னதில்லை.

இந்தப் பினாங்கைப் பற்றிச் சுற்றுலாக்காரர்களுக்கு என்னென்னவோ சொல்கிறார்கள், எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சிரிக்கிற படம் போடுகிறார்கள். நான் பிறந்து வளர்ந்த ஊர் அது மட்டும் இல்லை. கப்பலில் வந்திறங்கிய ஆட்கள் ஒருவர் சாமியை ஒருவர் அறியாமல், ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாமல் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியேறிய ஊர் இது. அடுத்தவன் எதைத் தொடமாட்டான், எப்போது வரமாட்டான், எங்கே செருப்பைக் கழற்றுவான் என்று பார்த்துப் பார்த்துத்தான் நாங்கள் பழகினோம். இங்கே மரியாதை என்பதில் பாதி, எட்டி நிற்கத் தெரிவது. அதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தரவில்லை. பார்த்துக்கொண்டோம்.

ஒரு வருடம் ஆ சூவின் அப்பா இறந்துபோனார். அவள் வேலைக்குத் திரும்பியபோது சட்டைக் கையில் சின்னதாக ஒரு கறுப்புத் துணியை ஊசியால் குத்தியிருந்தாள். துக்கத்தில் இருக்கிறார்கள் என்பதற்குச் சீனர்களின் அடையாளம் அது. அந்தத் தீபாவளிக்கு அவள் நம் வீட்டுக்கு வரவில்லை. "நூறு நாள் முடியல. நான் வந்தா உன் வீட்டுக்கு நல்லதில்ல" என்றாள். எனக்குக் கோபமே வரவில்லை, தம்பி. முறுக்கையும் அதிரசத்தையும் கட்டி எடுத்துப்போய்த் தொழிற்சாலை கேட்டில் வைத்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நூறு நாளும் முடிந்து அவள் அந்தத் துணியைக் கழற்றிய பிறகு நானும் ரோஸும் அவளைக் கூட்டிப்போய்க் கடற்கரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம்.

சியூ லிங்கின் சட்டைக் கையில் நீலத் துணி இருந்தது. பேரப் பிள்ளைகளுக்கு நீலம். ஜன்னலில் இருந்து பார்த்தபோதே தெரிந்தது. நீ வந்து சொல்வதற்கு முன்னாலேயே அவள் ஏன் அங்கே நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஆ சூ செய்தால் மரியாதை, இவள் செய்தால் அருவருப்பா? ஆ சூ என் பிள்ளையை எடுத்துக்கொண்டு போகவில்லை. அதுதான் வித்தியாசம். உன் அப்பாவும் போய், நீயும் அவள் பின்னால் போய்விடுவாய் என்ற பயம் அன்றைக்கு என்னைப் பிடித்து ஆட்டியது. உன்னைப் பிடித்து வைக்க ஒரு காரணம் தேடினேன், அந்தப் பெண் மழையில் நின்று கொடுத்தாள். நான் எடுத்துக்கொண்டேன்.

இதில் இன்னொரு வெட்கமும் இருக்கிறது. நாங்கள் துறைமுகத்துக்காரர்கள். என் அப்பா வெல்ட் கீ படகுத்துறையில் மூட்டை தூக்கினார். உன் அப்பாவின் குடும்பம் யாழ்ப்பாணத்தார், ஆபீசில் பேனா பிடித்த கிராணிமார். இரண்டு வீட்டிலும் முருகன் படம்தான், இரண்டு வீட்டிலும் தமிழ்தான். ஆனாலும் கல்யாணமாகி ஆறு வருடம் பெரிய மாமி என் வீட்டில் காப்பி குடிக்கவில்லை. வருவார், நாற்காலி நுனியில் உட்காருவார், "எனக்கு வெறுந்தண்ணியே காணும், வேறொண்டும் வேண்டாம்" என்பார். நான் ஒவ்வொரு முறையும் பால் காய்ச்சி வைப்பேன், அவர் போனதும் கொட்டுவேன். நீ பிறந்த பிறகுதான் முதல் காப்பி. அந்த ஆறு வருடத்தை நான் யாரிடமாவது சொல்லி அழாத நாள் இல்லை. அப்படிப்பட்ட நான் அதே மாமியின் காதில்தான் இன்னொரு வீட்டுப் பெண்ணைப் பற்றிப் பொய் சொன்னேன். உனக்கு ஒரு புத்தி சொல்ல எனக்கு உரிமை மிச்சம் இருந்தால் இதைத்தான் சொல்வேன். பட்டவர்கள் அடுத்தவரைப் படுத்தமாட்டார்கள் என்று நம்பிவிடாதே. நாளைக்கு உங்கள் பிள்ளை யாரையாவது கூட்டிவந்து நிறுத்தும்போது உனக்குள்ளேயும் மாமி ஒருத்தி எழுந்து உட்காருவாள். அவள் பேச்சைக் கேட்காதே.

இதை எல்லாம் எழுதாமலே செத்துப்போயிருப்பேன். தைப்பூசத்தில் நடந்ததுதான் எழுத வைத்தது.

ரதம் வருகிற காலையில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற சாலையில் நின்றிருந்தேன். அப்பா இல்லாமல் கூட்டத்துக்குள் போகப் பயம், அதனால் ஓரத்திலேயே நின்றேன். வழக்கம்போல் சீனக் குடும்பங்கள் தேங்காயைக் குவித்து வைத்துக் காத்திருந்தார்கள். எனக்குப் பக்கத்துக் குவியலில் ஊதுபத்தியோடு ஒரு அம்மா. என்னையே பார்த்தார், அப்புறம் சிரித்துக்கொண்டு வந்து கையைப் பிடித்துக்கொண்டார். சியூ லிங்கின் அம்மா. அவரை நான் ஒரே ஒரு முறை, உன் பட்டமளிப்பு விழாவில்தான் பார்த்திருக்கிறேன். கையை உருவிக்கொண்டு ஓடிவிடலாமா என்று இருந்தது. அவர் மலாயில் கடகடவென்று பேசினார். பிள்ளைகளின் கல்யாணம் நல்லபடி நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாராம். எண்ணிக்கை பார்க்காமல் தேங்காய் வாங்கிவிட்டாராம், இப்போது உடைக்கக் கைவலியாம். "வாங்கலா, நீங்களும் உடைங்க, உங்க பிள்ளைக்கும் சேர்த்துத்தான்" என்று என் கையில் ஒரு காயைக் கொடுத்தார். ரதம் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் உடைத்தோம். என்னுடையது முதல் முறை உடையவில்லை, அவர் எடுத்துக் கொடுத்தார், இரண்டாம் முறை உடைந்தது.

அப்புறம் ஒரு தண்ணீர்ப் பந்தலில் மோர் வாங்கிக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்தோம். அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அன்னிக்கு அந்த மீஹூன்ல உப்பு சரியா இருந்துச்சா? நான் ருசி பாக்கல." எந்த மீஹூன் என்றேன். சாவு நடந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்று சியூ லிங் சொன்னாளாம். அன்று சாயங்காலம் அவரே சைவ மீஹூன் சேமியா நாற்பது பொட்டலம் கட்டிவந்து, சாலை முனையில் நின்று, உள்ளே போய்க்கொண்டிருந்த ஒரு மலாய்ப் பெண்ணிடம் கொடுத்தாராம். சொல்லிக்கொண்டே வந்தவர் அவசரமாக என் கையைத் தட்டி, "கோயில் பக்கத்துச் சைவக் கடையில வாங்கினது. என் அடுப்புல சமைக்கல. எங்க வீட்லயும் சாவு நடந்த நேரம் இல்லையா, நான் சமைச்சுக் கொடுத்தா உங்களுக்கு நல்லதில்ல" என்றார். இரண்டு வருடம் கழித்தும் அந்தக் கவலை அவருக்கு.

அந்த மீஹூனை நான் சாப்பிட்டேன், தம்பி. அன்று முழுக்கப் பச்சைத் தண்ணீர் இறங்காத தொண்டையில் அது ஒன்றுதான் இறங்கியது. ரோஸ் வாங்கி வந்தது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் ரோஸுக்குப் போன் போட்டேன். "ஒரு சீன அம்மா கொடுத்தாங்கன்னு அன்னிக்கே சொன்னேனே, நீ எங்க கேட்ட? தலையை மட்டும் ஆட்டின" என்றாள். அவர்கள் கொடுத்த சாப்பாட்டைத் தின்றுவிட்டுப் பதினாறு நாள் கழித்து அவர்கள் அருவருத்தார்கள் என்று சொல்லியிருக்கிறேன். போனை வைத்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். தனியாக இருப்பதில் ஒரு வசதி, எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் அழலாம்.

அதைவிடப் பெரியது ஒன்று நடைபாதையில் இருக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. நான் பரப்பிய பேச்சு அந்த அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த முகம் அப்படிச் சிரிக்காது. இத்தனை நாளில் சியூ லிங் தன் அம்மாவிடம் அதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் மானத்தைக் காப்பாற்ற நினைத்தாளா, தன் அம்மாவின் மனம் நோகக்கூடாது என்று நினைத்தாளா, எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் அவள் மூடி வைத்த மறைப்பில்தான் நான் அங்கே உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தேன்.

எழுந்திரிக்கும்போது அவர் கேட்டார்: "மெல்பர்னுக்கு நீங்க எந்தத் தேதில போறீங்க? சியூ லிங் எனக்கு டிக்கெட் அனுப்பிட்டா. நான் ஏரோப்ளேன்ல போனதே இல்ல, இங்கிலீஷும் வராது. உங்க பக்கத்து சீட்டா இருந்தா பயமில்லாம வருவேன்." நான் அவர் முகத்தைப் பார்க்காமல், மகன் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறான், இரண்டொரு நாளில் தெரியும் என்றேன். வாய் கூசாமல் பொய் சொல்ல எனக்கு நன்றாகவே பழகிவிட்டது. அன்றிலிருந்து அவர் எனக்குப் போன் செய்கிறார். குளிருமா, உள்ளே போட என்ன வாங்குவது, ஊறுகாயை விடுவார்களா என்று ஒவ்வொரு முறையும் ஏதாவது கேட்கிறார். கடைசியில் தேதியும் கேட்கிறார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இந்த வீட்டில் இப்போது அடிக்கிற போன் அது ஒன்றுதான். அது அடிக்க வேண்டும் என்று காத்திருக்கிறேன், அடித்தால் நடுங்குகிறேன்.

அதனால் கேட்கிறேன். உன்னிடம் மன்னிப்பு கேட்பது எனக்குச் சுலபம். நீ என் பிள்ளை, இன்றில்லாவிட்டால் நாளை கொடுத்துவிடுவாய். நீயாக முடிவு செய்து எனக்கு டிக்கெட் அனுப்பிவிடாதே. இந்தக் கடிதத்தைச் சியூ லிங்குக்கு ஒரு வரி விடாமல் படித்துச் சொல். நீலத் துணியை நான் பார்த்ததைச் சொல். மாமியிடம் நான் சொன்ன வார்த்தையை அப்படியே சொல், பூசி மெழுகாதே. அப்புறம், நான் வரலாமா என்று அவளைக் கேள். அவள் யோசிக்க எத்தனை நாள் வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும், நீ பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைத் தொங்கப்போடாதே. வேண்டாம் என்று அவள் சொன்னால் அது நியாயம்தான். என் மேல் பாசம் காட்டுவதாக நினைத்து அவளோடு சண்டைக்குப் போகாதே.

அவள் வேண்டாம் என்றால் சீக்கிரம் எழுது. எனக்கு முழங்கால் வலி, டாக்டர் ஏரோப்ளேன் ஏற விடவில்லை என்று அவள் அம்மாவிடம் நான் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அவர் வேறு துணை பார்த்துக்கொள்ள வேண்டும் இல்லையா? அந்த அம்மாவைப் பயந்துகொண்டு தனியாக அனுப்பக்கூடாது.

அம்மா